கண்ணாடித் தவளையும் ஏலமலைத் தவளையும்

போடிநாயக்கனூரில் நின்று மேற்கே நோக்குவோர்க்கு, வானத்தின் பாதியை மறைத்து நிற்கும் பெருமலைச் சுவர் ஒன்று தென்படும். ஊர், கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 350 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து பதினேழு கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து சென்றால், ஏறத்தாழ 1,400 மீட்டர் உயரத்தில் போடிமெட்டு என்னும் கணவாயை அடைகிறோம். அடிவாரத்தில் மாவும் இலவமும் நிற்கின்றன. இடையே பாறையும் புல்லும் காண்கின்றன. மெட்டைத் தாண்டியதும் மரநிழலும் மூடுபனியும் ஏலத் தோட்டங்களும் தொடங்கிவிடுகின்றன. ஆடி மாதத்தில் போடி மக்கள் வெயிலில் நின்றுகொண்டே மலைமுகட்டில் மழை பெய்வதைக் காணலாம். தென்மேற்குப் பருவக்காற்று தன் நீரில் பெரும்பகுதியை மேற்குச் சரிவில் கொட்டிவிட்டு, வறண்ட காற்றாகக் கீழே இறங்குவதே இதற்குக் காரணம்.

அந்த மழைக்காலத்து மாலைப்பொழுதில், மெட்டிற்கு அப்பால் சாலையோரத்தில் சிறிது நேரம் நின்று பாருங்கள். இரண்டு கூழாங்கற்களை ஒன்றோடொன்று தட்டினாற்போன்ற ஓசை புதர்களிலிருந்து எழும். ஒன்று தொடங்கினால் மற்றொன்று விடை கூறும். சிறிது நேரத்திற்குள் சரிவு முழுவதும் அவ்வோசையால் நிறைந்துவிடும். ஓசை வந்த திசையில் தேடினால் இலைகளைத் தவிர ஒன்றும் தென்படாது. அதை எழுப்புவது கட்டைவிரல் நுனியளவே உள்ள ஒரு புதர்த் தவளை.

'தவளை தன் வாயால் கெடும்' என்பது நம் பழமொழி. பெண் தவளையை அழைக்க ஆண் தவளை எழுப்பும் குரலே, பாம்பிற்கும் பிற பகைகளுக்கும் வழி காட்டிவிடுகிறது. இக்காலத்தில் அக்குரலைக் கேட்டு வேறு சிலரும் வருகின்றனர். அவர்கள் தவளையின்மேல் பகை கொண்டவர் அல்லர். அதன் அழகில் மயங்கியவர்கள். அதைக் காணவும், படம் எடுக்கவும், இயலுமானால் தம் வீட்டிலேயே வைத்துக்கொள்ளவும் விழைபவர்கள். இந்த விருப்பம் எவ்வாறு தோன்றுகிறது, அதனால் விளைவது யாது என்பவற்றைப் பற்றியே இன்று பேச எண்ணுகிறேன்.

நீரிலும் நிலத்திலும் வாழும் பிராணிகளுள் மனிதனைப் பெரிதும் கவர்ந்தது எது என்று கேட்டால், பலரும் கண்ணாடித் தவளையையே குறிப்பிடுவர். இது நம் நாட்டுப் பிராணி அன்று. மெக்ஸிகோவின் தென்பகுதி தொடங்கித் தென் அமெரிக்கா வரையில் உள்ள மழைக்காடுகளில் வாழ்வது. இவற்றில் ஏறத்தாழ 160 இனங்கள் உண்டு. மேலிருந்து நோக்கினால் இளம்பச்சை நிறமுள்ள ஒரு சிறு தவளையாகவே தோன்றும். ஆனால் ஒரு கண்ணாடித் தகட்டின்மீது அதை அமர்த்திக் கீழிருந்து நோக்கினால், வயிற்றுத் தோல் ஒளி புகும் தன்மை உடையதாக இருப்பதைக் காண்கிறோம். குடலும் கல்லீரலும் அத்தோலின் வழியே தெரியும். சில இனங்களில் இதயம் துடிப்பதையும் வெறுங்கண்ணால் காணலாம்.

குருதி சிவப்பு நிறமுள்ளது. அது உடலெங்கும் ஓடிக்கொண்டிருக்கும்போது உடல் எவ்வாறு ஒளியை விடமுடியும்? இதற்கு விடை 2022ஆம் ஆண்டில்தான் கிடைத்தது. பகலில் இலையின்மீது உறங்கும்போது இத்தவளை தன் சிவப்பணுக்களில் நூற்றுக்கு ஏறத்தாழத் தொண்ணூறு பங்கைக் கல்லீரலுக்குள் ஒதுக்கி வைத்துக்கொள்கிறது. அதனால் உடலின் ஒளி புகும் தன்மை இரண்டு மூன்று மடங்காகப் பெருகுகிறது. இரவில் விழித்தெழுந்ததும் குருதி மீண்டும் உடலெங்கும் பரவுகிறது. அத்துணை அணுக்கள் ஓரிடத்தில் நெருங்கியிருந்தும் குருதி உறைவதில்லை. மனிதரிடத்தில் இவ்வாறு நேர்ந்தால் அது உயிர்க்கே தீங்காக முடியும். ஆதலால் மருத்துவ அறிஞர்களும் இப்பிராணியை வியந்து நோக்கத் தொடங்கியிருக்கின்றனர்.

இத்தகைய பிராணியைக் கண்டவர்க்கு அதைத் தம்மிடம் வைத்துக்கொள்ள வேண்டும் என்ற ஆசை தோன்றுவதில் வியப்பில்லை. ஒரு கண்ணாடிப் பெட்டி, அதனுள் பாசியும் சிறு செடிகளும், வேளை தவறாமல் நீர்த்திவலை தெளிக்கும் கருவி, மங்கிய விளக்கு. நகரத்தில் மூன்றாம் மாடியில் குடியிருப்பவர்க்கு அப்பெட்டி ஒரு சிறு காடாகவே தோன்றுகிறது. பணி முடிந்து வீடு திரும்பியதும் அதன் முன் அமர்ந்து, தவளை இலைவிட்டு இலை தாவுவதைக் கண்டு மனம் ஆறுகிறார். அதன் உணவையும் உறக்கத்தையும் கவனித்துப் பொறுமையையும் கற்கிறார். சிறு வயதில் குளத்து நீரைப் புட்டியில் எடுத்துவந்து, தலைப்பிரட்டைக்குக் கால் முளைப்பதை நாள்தோறும் எண்ணிக்கொண்டிருந்த எவரும் இவ்வின்பத்தை இழிவாக நினையார். பிராணி நூலறிவு பலருக்கு அந்தப் புட்டியிலிருந்துதான் தொடங்கியது.

ஆயினும் குளத்துத் தலைப்பிரட்டைக்கும் அபூர்வத் தவளைக்கும் ஒரு வேற்றுமை உண்டு. முன்னது எங்கும் மலிந்து கிடப்பது. பின்னதோ, அபூர்வம் என்பதனாலேயே விலை பெறுவது. காட்டில் எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு சந்தையில் விலை ஏறும். விலை ஏறுந்தோறும் காட்டில் தேடுவோரும் மிகுவர். கண்ணாடித் தவளைகளுக்கு இதுவே நேர்ந்தது. அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வாணிகத்தைக் கட்டுப்படுத்தும் 'சைட்டீஸ்' உடன்படிக்கையின் நாடுகள் 2022ஆம் ஆண்டு நவம்பரில் பனாமா நகரில் கூடின. அப்போது கண்ணாடித் தவளை இனங்கள் அனைத்தையும் அவ்வுடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் சேர்த்தன. இன்று உரிய அனுமதிச் சீட்டின்றி அவற்றை ஒரு நாட்டிலிருந்து மற்றொரு நாட்டிற்குக் கொண்டுசெல்லல் ஆகாது. நம் நாட்டிலும் 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் 2022இல் திருத்தப்பெற்றது. சட்டத்தின் பட்டியலில் கண்ட அயல்நாட்டுப் பிராணிகளை வைத்திருப்போர் அவற்றைப் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்பதற்கு 2024இல் விதிகளும் வெளியாயின.

தவளைகளைப் பொறுத்தவரையில் நம் நாட்டிற்கு இதில் ஒரு பழைய பாடமும் உண்டு. தவளைக் கால்களை உணவிற்காக அயல்நாடுகளுக்குப் பெருமளவில் அனுப்பிவந்தோம். வயல்களில் தவளை குறைந்தது. பூச்சி பெருகும் என்ற அச்சம் வலுத்தது. முடிவில் 1987இல் அவ்வேற்றுமதி அடியோடு தடை செய்யப்பட்டது. மலிவான வயல் தவளைக்கே இந்நிலை என்றால், ஒரு மலையின் ஒரு சரிவில் மட்டும் வாழும் தவளை எத்தனை நாள் தாங்கும்?

அத்தகைய தவளைகள் நம்மிடம் உண்டா என்று கேட்கலாம். உண்டு, அவற்றிற் பல போடி மலைக்கு அப்பாலேயே உண்டு. அவற்றின் வியப்புகளும் கண்ணாடித் தவளையின் வியப்புகளுக்குக் குறைந்தவை அல்ல.

கண்ணாடித் தவளை, ஓடைக்கு மேலே தொங்கும் இலையில் முட்டையிடும். பல இனங்களில் ஆண் தவளை அருகிலிருந்து காக்கும். முட்டை பொரிந்ததும் தலைப்பிரட்டை நேரே கீழுள்ள நீரில் விழும். மேற்குத் தொடர்ச்சி மலைக்கே உரிய இராத் தவளைகளிலும் இதே வழக்கம் காணப்படுகிறது. இரண்டு தவளைக் குடும்பங்களுக்கும் நெருங்கிய உறவு இல்லை. இடையே பெருங்கடல் வேறு கிடக்கிறது. ஆயினும் ஓடைக்கரையின் தேவை இரண்டிற்கும் ஒரே வழியைக் கற்பித்திருக்கிறது. 2011ஆம் ஆண்டில் இராத் தவளைகளில் பன்னிரண்டு புதிய இனங்கள் விவரிக்கப்பட்டன. அவற்றுள் மூணாற்றுப் பகுதியைச் சேர்ந்த ஒன்றின் குரல் பூனையின் குரலை ஒத்திருந்ததால், மலையாளச் சொல்லைக் கொண்டு 'பூச்ச' என்றே அதற்குப் பெயரிட்டனர்.

கூழாங்கல் ஓசை எழுப்பும் புதர்த் தவளையின் வாழ்க்கை இன்னும் விந்தையானது. அதற்குத் தலைப்பிரட்டைப் பருவமே இல்லை. நீரைத் தேடிப் போகாமல் இலையின்மீதோ ஈரச் சருகினடியிலோ அது முட்டையிடுகிறது. முட்டையைச் சுற்றியுள்ள கூழ் பளிங்கு போல் தெளிந்தது. அதனுள்ளேயே கரு வளர்ந்து, கால் முளைத்து, முழுத் தவளைக் குஞ்சாகவே வெளிவருகிறது. இலையில் இட்ட முட்டையாயின், அருகிலிருந்து நோக்கினால் உருண்டையினுள் குஞ்சு அசைவதைக் காணலாம். கண்ணாடித் தவளை தன் வயிற்றில் காட்டும் காட்சியை நம் மலைத் தவளை தன் முட்டையில் காட்டுகிறது.

இத்தவளைகளின் பேரினத்திற்கு 'ராவோர்கெஸ்டிஸ்' என்று பெயர். கோயம்புத்தூரில் பிறந்து, பெங்களூரில் விலங்கியல் பேராசிரியராகப் பணியாற்றிய சி. ஆர். நாராயண ராவ் அவர்களின் நினைவாக 2010இல் இடப்பட்ட பெயர் அது. இப்பேரினத்தைச் சேர்ந்த ஒரு தவளை, 1870களில் கண்டறியப்பட்ட பின் நூற்றாண்டிற்கு மேலாக எவர் கண்ணிலும் படவில்லை. அழிந்தே போயிற்று என்று எண்ணப்பட்டது. 136 ஆண்டுகளுக்குப் பின் மீண்டும் காணப்பட்ட செய்தி 2011இல் வெளியாயிற்று. உடல் ஒளிரும் பச்சை. தொடை சாம்பல் கலந்த நீலம். கரிய கண்ணில் பொன்னிறத் தூவல். இம்மலைத் தொடரின் தெற்கே களக்காடு - முண்டந்துறைக் காடுகளில் ஆராய்ந்தவர்கள் அதன் இல்வாழ்வையும் பின்னர் அறிந்தனர். மெல்லிய மூங்கிலின் கணுக்களுக்கிடையே உள்ள சிறு பிளவின் வழியே அது உள்ளே நுழைகிறது. உட்கூட்டில் இட்ட முட்டைகளை ஆண் தவளையே இருந்து காக்கிறது. அத்தவளைக்கு வேண்டியது காடு மட்டும் அன்று, காட்டினுள் மூங்கில், மூங்கிலில் தக்க அளவுள்ள பிளவு. எந்தக் கண்ணாடிப் பெட்டி இதை அளிக்கும்?

இனி, பாதாளத் தவளையைப் பார்ப்போம். ஊதா நிறமும், பருத்த உடலும், பன்றியினது போன்ற கூரிய மூக்கும் உடைய இத்தவளை, ஏலமலைப் பகுதியில் கட்டப்பனைக்கு அருகே கிடைத்ததைக் கொண்டு 2003இல் எஸ். டி. பிஜு, பிராங்கி போசையிட் என்னும் இருவரால் விவரிக்கப்பெற்றது. தோட்டக்காரர்களும் மலைவாழ் மக்களும் அதற்கு முன்பே அதை அறிவார்கள். அதன் தலைப்பிரட்டையைப் பற்றி நாராயண ராவும் நெல்சன் அனந்தேலும் முதல் உலகப் போர்க் காலத்திலேயே எழுதியிருந்தனர். எனினும் அது எத்தவளையின் குழந்தை என்பது தெரியாமலே இருந்தது. ஆண்டின் பெரும்பகுதியை மண்ணுக்குள் கறையான் தின்று கழிக்கும் இப்பிராணி, கோடைமழை விழும் சில நாட்களில் மட்டும் இனப்பெருக்கத்திற்காக மேலே வருகிறது. ஆண்டிற்கு ஒருமுறை நாட்டைக் காண வரும் மாவலி மன்னனை எண்ணிக் கேரளத்தில் இதை மாவேலித் தவளை என்றும் அழைக்கின்றனர். இதன் நெருங்கிய உறவினத் தவளைகள் இந்தியப் பெருங்கடலில் உள்ள செய்செல்ஸ் தீவுகளில் வாழ்கின்றன. அத்தீவுகளும் நம் நாடும் ஒரே நிலமாக இருந்த காலத்தின் சான்று இத்தவளை.

இதைவிட நம்மை மிகவும் சிந்திக்க வைப்பது ஒன்று உண்டு. 2017இல் இதன் உடன்பிறப்பான மற்றோர் இனம், மலையின் கிழக்குச் சரிவில், திருவில்லிபுத்தூர்ச் சரணாலயத்தில் விவரிக்கப்பட்டது. தவளையாராய்ச்சியிலும் ஊர்வன ஆராய்ச்சியிலும் ஈடுபட்டு, 2014இல் மறைந்த எஸ். பூபதி அவர்களின் பெயர் அதற்குச் சூட்டப்பெற்றது. மேற்குச் சரிவின் தவளை தென்மேற்குப் பருவத்தின் முன்மழையில் வெளிவர, கிழக்குச் சரிவின் தவளை வடகிழக்குப் பருவமழையில் முட்டையிடுகிறது. போடி மக்கள் ஐப்பசி மழைக்குக் காத்திருப்பது போலவே, கிழக்குச் சரிவின் பிராணியும் அம்மழைக்கே காத்திருக்கிறது. ஒரு மலைமுகட்டின் இரு பக்கங்களே இரு தவளைகளை ஆக்கின என்றால், இடத்திற்கும் உயிருக்கும் உள்ள பிணைப்பு எத்துணை நெருக்கமானது என்பது விளங்கும்.

இப்பிணைப்பை அறியாத ஆசை எவ்வளவு கேடு செய்யும் என்பதற்குப் பால்வெளித் தவளையின் கதையே சான்று. கரிய உடலில் வெளிறிய நீலப் புள்ளிகள் விண்மீன்களைப் போல் இறைந்து கிடப்பதால் இப்பெயர். இதன் பேரினத்தில் இது ஒன்றே ஒன்றுதான். சென்னை மாகாணக் காட்டிலாகாவில் பணியாற்றிய பெடோம் என்னும் ஆங்கிலேயர் 1878இல் இதை விவரித்தார். பின்னர் நெடுங்காலம் இதைக் கண்டவர் அரியர். மீண்டும் கண்ட செய்தி 1997இல் வெளியாயிற்று. ஆனைமலை, பெரியாறு ஆகிய காடுகளோடு, போடிமெட்டை அடுத்துள்ள மதிகெட்டான் சோலையிலும் இது வாழ்கிறது. புகுந்தவர் வழி அறியாது மதி மயங்குவர் என்பதால் அச்சோலைக்கு அப்பெயர் வந்தது என்பர். 2003இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட அதன் பரப்பு 12.82 சதுர கிலோமீட்டர்தான். அதைச் சூழ்ந்து ஏலத் தோட்டங்கள் இருக்கின்றன.

கேரளத்தின் மழைக்காடு ஒன்றில், ஆராய்ச்சியாளர் ஒருவர் 2020இன் தொடக்கத்தில் விழுந்து மக்கிய மரத்தடியில் இத்தவளைகள் ஏழைக் கண்டார். கொள்ளைநோய்க் காலம் கழிந்து அவர் மீண்டும் அங்கே சென்றபோது மரம் உடைத்துப் புரட்டப்பட்டிருந்தது. சுற்றியிருந்த செடிகள் மிதிபட்டுக் கிடந்தன. தவளை ஒன்றேனும் இல்லை. படம் எடுப்பதற்காகக் குழுக்கள் வந்து சென்றன என்றும், தவளைகளைக் கையில் எடுத்து அழகிய பாசியின்மேல் வைத்து நெடுநேரம் விளக்கொளியில் படம் பிடித்தனர் என்றும், அவ்வாறு கையாண்டதில் இரண்டு தவளைகள் இறந்தன என்றும் காட்டில் வழிகாட்டிச் சென்றவர்களிடமிருந்து அறியலாயிற்று. பலமுறை தேடியும் அவ்விடத்தில் தவளைகள் தென்படவில்லை. 2025ஆம் ஆண்டின் இறுதியில் இச்செய்தி உலகெங்கும் பரவியது.

வந்தவர்கள் எதையும் விற்கவில்லை, வீட்டிற்கும் கொண்டுபோகவில்லை. அவர்கள் எடுத்துச் சென்றது படம் மட்டுமே. அப்படத்தைக் கண்டவர் அனைவரும் தவளையின் அழகை வியந்திருப்பர். ஆனால் அத்தவளைக்கு வீடாக இருந்தது பாசி அன்று. பார்வைக்கு அழகற்ற அந்த மக்கிய கட்டை. அழகைத் தேடிச் சென்றவர்கள் அக்கட்டையைப் பொருட்படுத்தவில்லை.

தவளையின் தோலைப் பற்றிச் சிறிது அறிந்தால் இக்கேட்டின் காரணம் எளிதில் புரியும். தவளை வாயால் நீர் அருந்துவதில்லை; தோலாலேயே நீரை உறிஞ்சுகிறது. நுரையீரலோடு தோலாலும் மூச்சு விடுகிறது. ஆகவே நம் கையிலுள்ள உப்பும், சவர்க்காரமும், கொசு மருந்தும், பூச்சி மருந்தின் எச்சமும் அதன் உடலுக்குள்ளேயே சென்றுவிடும். வெப்பமும் அத்தகையதே. ஆயிரம் மீட்டர் கீழே இறங்கினால் வெப்பம் ஏறத்தாழ ஆறு டிகிரி கூடும். மெட்டிற்கு அப்பாலிருந்து ஒரு தவளையைப் புட்டியில் அடைத்து, பதினேழு வளைவுகளையும் கடந்து போடிக்குக் கொண்டுவருபவர், ஒரு மணி நேரத்திற்குள் அதை வேறொரு தட்பவெப்ப நாட்டில் கொண்டுவந்து விடுகிறார். அது சில நாள் உயிரோடிருந்தாலும் அதை வாழ்வு என்று கூற இயலாது.

வைத்துக்கொள்வதால் வரும் மற்றொரு தீங்கு, பெட்டியோடு நின்றுவிடுவதில்லை. தவளைகளின் தோலைப் பற்றும் 'கைட்ரிட்' என்னும் பூஞ்சணம் ஒன்று உண்டு. கடந்த அரை நூற்றாண்டில் 501 இனங்கள் குறைந்ததற்கும், அவற்றுள் 90 இனங்கள் அழிந்ததற்கும் இது காரணமாயிற்று என்று 2019இல் வெளியான ஆராய்ச்சி கணக்கிட்டது. பிராணி வாணிகமே இதை நாடுவிட்டு நாடு சுமந்து சென்றது என்பது அறிஞர் கருத்து. இதற்கு உறவான மற்றொரு பூஞ்சணம் ஆசியாவிலிருந்து ஐரோப்பாவிற்குச் சென்று, நெதர்லாந்து நாட்டுச் சாலமாண்டர் பிராணிகளைச் சில ஆண்டுகளில் ஏறத்தாழத் துடைத்துவிட்டது. அயல்நாட்டுத் தவளை வாழும் பெட்டியின் அழுக்கு நீரைச் சாக்கடையில் கொட்டும் ஒருவர், ஒரு தீங்கும் எண்ணாமலே நோயை ஓடைக்கு அனுப்பிவிடக்கூடும். உலகில் அறியப்பட்ட நீர்நில வாழ்வன 8,000 இனங்களுக்கு மேற்பட்டவை. அவற்றில் நூற்றுக்கு ஏறத்தாழ 41 அழிவின் அச்சத்தில் உள்ளன என்பது 2023ஆம் ஆண்டின் மதிப்பீடு.

அப்படியாயின் எவரும் எத்தவளையையும் வளர்க்கவே கூடாதா? விதிவிலக்கு உண்டு. ஆப்பிரிக்காவில் தான்சானியா நாட்டின் கிஹான்சி அருவியின் சாரலில் மட்டும் வாழ்ந்த ஒரு சிறு தேரை இனம் இருந்தது. அணை கட்டி அருவி நீரைத் திருப்பியதும் சாரல் வற்றியது. 2000ஆம் ஆண்டில் 499 தேரைகளை எடுத்துச் சென்று அமெரிக்க விலங்குக் காட்சிசாலைகளில் வளர்த்தனர். 2009இல் அவ்வினம் காட்டில் அழிந்ததாக அறிவிக்கப்பட்டது. காட்சிசாலையில் பெருகியவற்றை 2012இல் செயற்கைச் சாரல் அமைத்துத் தம் இடத்திற்கே மீண்டும் அனுப்பத் தொடங்கினர். இதை மருத்துவமனைப் பணி என்றே கொள்ள வேண்டும். அங்கே நோக்கம் வைத்துக்கொள்வது அன்று, திருப்பி அனுப்புவது. அதற்குப் பெரும் பொருளும், பல நிபுணர்களும், நோய்த் தடுப்பும் வேண்டும். வீட்டுக் கூடத்தில் ஒரு பெட்டியை வைத்திருப்பவர் தம் விருப்பத்தை அதனோடு ஒப்பிடுதல் பொருந்தாது.

தவளையை அதன் இடத்திலேயே வைத்துக் காப்பதற்கு ஏலமலையில் ஒரு நல்வாய்ப்பும் உண்டு. ஏலம், வெட்டவெளியில் விளையும் பயிர் அன்று. பெருமரங்களின் நிழலும், ஈரமும், சருகும் அதற்கு வேண்டும். நல்ல நிழல் உள்ள ஏலத் தோட்டம் பாதிக் காடு என்றே சொல்லலாம். நிழல்மரங்களை வெட்டிவிடாமலும், ஓடைக்கரையின் புதர்களைச் செதுக்கிவிடாமலும், விழுந்த கட்டைகளிற் சிலவற்றை ஓரமாக மக்கவிட்டும் வைத்தால், புதர்த் தவளைக்கு அதுவே குடியிருப்பாகும். ஏலம் பூச்சித் தாக்குதலுக்கு மிகவும் ஆளாகும் பயிர் என்பதையும், விளைச்சலை நம்பி வாழ்வோர்க்கு மருந்து தேவைப்படுகிறது என்பதையும் நான் மறுக்கவில்லை. ஆனால் வேண்டிய அளவிற்கு மேல் தெளிப்பதையும், தெளிப்பான்களை ஓடையில் கழுவுவதையும் நிறுத்தலாம். தவளைக்கு ஆகாத அந்நீரைத்தான் அத்தோட்டத்து மக்களும் பயன்படுத்துகின்றனர்.

நாள்தோறும் விடியுமுன் போடியிலிருந்தும் சுற்றுப்புற ஊர்களிலிருந்தும் ஜீப்புகளில் ஏறி மலைக்குச் செல்லும் தொழிலாளர் பலர். ஏலச் செடியின் காய்கள் கிளைகளில் தொங்குவதில்லை. தூரின் அடியில் தரையோடு படரும் சரங்களில் காய்க்கின்றன. அவற்றைப் பறிக்கக் குனிந்திருக்கும் பெண்களின் கண்ணில்தான், சருகினடியிலுள்ள தவளை முதலில் படும். எந்த மழைக்கு எந்தக் குரல் எழும், எந்த ஓடையில் எது இருந்து மறைந்தது என்பனவற்றை அவர்களிடம் கேட்டு எழுதிவைத்தால், அது நல்லதோர் ஆராய்ச்சியாக அமையும். பள்ளி ஆசிரியர்கள் இதை மாணவர்களைக் கொண்டே செய்யலாம்.

காண வருவோர்க்கும் சில சொல்ல வேண்டும். காட்டிலாகாவின் அனுமதியின்றிக் காட்டினுள் புகாதீர்கள். தேசியப் பூங்காவிலிருந்து எவ்வுயிரையும் எடுப்பது சட்டப்படி குற்றம். கல்லையும் கட்டையையும் புரட்டாதீர்கள். தவளையைத் தொடாதீர்கள், நல்ல படத்திற்காக இடம் மாற்றாதீர்கள். விளக்கொளியை அதன் கண்ணில் நெடுநேரம் பாய்ச்சாதீர்கள். அபூர்வத் தவளை ஒன்றைக் கண்டால், அதன் இருப்பிடத்தைப் பலரறிய வெளியிடாதீர்கள். குழந்தைகளுக்குத் தவளையைக் காட்ட விரும்பினால் மலையேற வேண்டுவதில்லை. ஐப்பசி மழையில் ஊர்க் கண்மாயோரம் அழைத்துச் செல்லுங்கள். சாதாரணத் தேரையின் முட்டை, நூலில் கோத்த கருமணிகள் போல் நீரில் கிடப்பதை அவர்கள் அங்கேயே நோக்கட்டும். சில நாட்கள் சென்று அதே இடத்திற்குப் போனால் தலைப்பிரட்டைகளைக் காண்பார்கள்.

போடிநாயக்கனூருக்கு ஏலக்காயால் பெயர். மலைமேல் விளைந்ததைக் கீழே கொண்டுவந்து ஏலம் விடுவது அவ்வூரின் தொழில். மலையில் விளையும் ஏலம் ஏலத்திற்கு வரலாம். அது மறுபருவமும் காய்க்கும். அச்செடியின் தூரில் ஒண்டியிருக்கும் தவளைக்கு அத்தகைய மறுபருவம் இல்லை. அடுத்த மழைக்காலத்தில் மெட்டைக் கடந்து செல்லும் வாய்ப்புக் கிடைத்தால், வண்டியைப் பாதுகாப்பாக ஓரம் கட்டி, விளக்கை அணைத்துவிட்டுச் சிறிது நேரம் நில்லுங்கள். தவளையை நீங்கள் காணாமல் போகலாம். அந்தக் கூழாங்கல் ஓசை கேட்குமானால், அது தன் இடத்தில் நலமாக இருக்கிறது என்று அறிந்து, மனநிறைவோடு உங்கள் வழியே செல்லலாம்.